இன்னொரு ஹார்டு டிஸ்க் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

வீட்டுல இருக்குற டெஸ்க்டாப்பை ஆன் பண்ணி 'திஸ் பிசி'க்குள்ள போய்ப் பாருங்க. டி டிரைவ் பக்கத்துல இருக்குற நீலக் கோடு சிவப்பா மாறியிருக்கா? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா நம்ம எல்லாருக்கும் வீட்டுல ஒரு வேலை காத்திருக்கும். "கம்ப்யூட்டர்ல இடமே இல்லைன்னு காட்டுது, என்னன்னு பாரு." நாமதான் இன்ஜினியர் ஆச்சே! ஒரு புது ஹார்டு டிஸ்க் வாங்குவோம், கேபினட் மூடியைத் திறந்து மாட்டுவோம், பழசுல இருக்குறதை எல்லாம் புதுசுக்குத் தள்ளிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்குவோம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வாங்குற இரண்டாவது டிஸ்க், முதல்ல பிரதி எடுத்து வைக்கத்தான் பயன்படணும். இடத்தைக் கூட்டுறது அதுக்கு அப்புறம். இதைப் படிச்சுத் தெரிஞ்சுக்கல, தப்புப் பண்ணித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

நான் செஞ்ச சாதனை

எங்க வீட்டு கம்ப்யூட்டர் 2015-ல் அசெம்பிள் பண்ணினது. உள்ளே ஒரே ஒரு 500 ஜிபி டிஸ்க். அக்கா கல்யாண வீடியோ, அப்பாவோட எல்ஐசி பேப்பர் ஸ்கேன், என் ஸ்கூல் போட்டோ, கணக்கில்லாத சினிமா எல்லாம் அதுலதான் இருந்தது. அதோட ஒரு ஆடியோ ஃபைலும் இருந்தது. எங்க ஆச்சி சின்ன வயசுல தூத்துக்குடி உப்பளத்துல வேலை பார்த்தவங்க. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது அவங்களை உட்கார வெச்சு, அந்தக் காலத்துக் கதை எல்லாம் சொல்லச் சொல்லி போன்ல ரெக்கார்டு பண்ணேன். 40 நிமிஷம். அதுக்கு அடுத்த வருஷம் ஆச்சி தவறிட்டாங்க.

செகண்ட் இயர் முடிஞ்ச லீவுல அப்பாகிட்ட பேசி 2 டிபி டிஸ்க் ஒண்ணு வாங்கினேன். மாட்டி முடிச்சுப் பார்த்தா விண்டோஸ் 1.81 டிபின்னு காட்டுது. கடைக்காரர்கிட்ட போன் போட்டு "என்னண்ணே, 137 ஜிபியைக் காணோம்"னு கேட்டேன். காரணம் எனக்கே தெரிஞ்சிருக்கணும். டிஸ்க் கம்பெனி ஒரு டிபியை ஒரு லட்சம் கோடி பைட்டுன்னு பத்தின் அடுக்குல கணக்குப் போடுது, விண்டோஸ் இரண்டின் அடுக்குல கணக்குப் போடுது. அதனாலதான் 2000 ஜிபி, 1863 ஜிபியாத் தெரியுது. எதுவும் காணாமப் போகல.

அப்புறம் பழைய டிஸ்க்ல இருந்த மொத்தத்தையும் செலக்ட் பண்ணி கட் - பேஸ்ட். காப்பி கூட இல்லை, கட்! பழைய டிஸ்கை ஃபார்மட் அடிச்சு, அதுல 100 ஜிபிக்கு ஒரு கேம் இன்ஸ்டால் பண்ணேன். எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சது. அம்மா தெருவுல இருக்குற எல்லார்கிட்டயும் சொல்லி சந்தோஷப்பட்டாங்க.

எட்டாவது மாசம் அந்தப் புது டிஸ்க்ல இருந்து 'டக்... டக்...'னு ஒரு சத்தம். ரெண்டு நாள்ல பயாஸ்லயே அது தெரியல. வாரன்ட்டி இருந்தது. பழுதான டிஸ்கை வாங்கிக்கிட்டு வேற டிஸ்க் கொடுத்தாங்க. அதுல குறையே சொல்ல முடியாது. ஆனா வாரன்ட்டி டிஸ்குக்குத்தான். உள்ளே இருந்ததுக்கு யாரும் பொறுப்பு இல்ல, வாரன்ட்டி சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கும். டிஸ்கைத் திருப்பிக் கொடுக்குறதுக்கு முன்னாடி டேட்டா ரெக்கவரிக்கு விசாரிச்சோம். அவங்க சொன்ன தொகை எங்க வீட்டுக்குக் கட்டுப்படியாகல.

அப்பா கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு. "ஏல, புதுசுதான வாங்குன? பழசு எட்டு வருஷம் நல்லாத்தான ஓடுச்சு? புதுசு எப்படிப் போச்சு?"

புதுசு எப்படிப் போகும்?

அப்பா கேட்டதுல தப்பு இல்ல. புதுசுன்னா உழைக்கும், பழசுன்னா போயிடும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனா நாம ரிலையபிலிட்டி பாடத்துல 'பாத்டப் கர்வ்' வரைஞ்சிருக்கோமே, ஞாபகம் இருக்கா? குளியல் தொட்டி மாதிரி இருக்குற அந்த வளைவுல, தொடக்கத்துலயும் கடைசியிலயும் பழுதாகுற விகிதம் அதிகம், நடுவுல குறைவு. தயாரிப்புக் குறை இருக்குற பொருள் ஆரம்பத்துலயே போயிடும். அதாவது, எட்டு வருஷம் ஓடின பழைய டிஸ்க்ல இருந்து ஒரு மாசம் கூட ஓடாத டிஸ்குக்கு எல்லாத்தையும் மாத்தி, பழசையும் அழிச்சது பாதுகாப்பான வேலையே இல்ல. அந்த வளைவோட ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்குத் தாவியிருக்கேன், அவ்வளவுதான்.

ஹார்டு டிஸ்க் எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சா இது ஓடுறதே ஆச்சரியம்னு தோணும். டெஸ்க்டாப் டிஸ்கோட தட்டு நிமிஷத்துக்கு 5400 அல்லது 7200 தடவை சுத்துது. அதுக்கு மேல ஒரு ஹெட், தட்டைத் தொடாம, சில நானோமீட்டர் உயரத்துல மிதக்குது. நம்ம தலைமுடியோட தடிமனை விட ஆயிரக்கணக்கான மடங்கு குறைவான இடைவெளி. ஒரு தட்டு தட்டினாலோ, ஹெட்டைத் தாங்குற பாகம் தேஞ்சாலோ கதை முடிஞ்சது.

'எஸ்எஸ்டி வாங்கினா சுத்துறதும் இல்ல, சத்தமும் இல்ல'ன்னு சொல்வீங்க. சரிதான். வேகத்துக்கு எஸ்எஸ்டிதான் வாங்கணும். ஹார்டு டிஸ்க் செகண்டுக்கு 150, 200 எம்பி கிட்ட படிக்கும்னா, சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி வரைக்கும் போகும், என்விஎம்இ அதை விடப் பல மடங்கு போகும். பழைய கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுக்கணும்னா விண்டோஸை எஸ்எஸ்டிக்கு மாத்துறதுதான் முதல் வேலை. ஆனா அதுவும் போகும். ஹார்டு டிஸ்காவது சில சமயம் சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்எஸ்டி கன்ட்ரோலர் போனா, நேத்து ராத்திரி ஓடினது காலையில இருக்காது.

முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியாதா? 'ஸ்மார்ட்'னு ஒரு வசதி எல்லா டிஸ்க்லயும் இருக்கு. 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' மாதிரி ஒரு இலவச மென்பொருள் போட்டா, எத்தனை செக்டர் கெட்டுப் போய் மாத்தப்பட்டிருக்குன்னு காட்டும். இதை அவசியம் பாருங்க. அந்த எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா உடனே பிரதி எடுங்க. ஆனா 'குட்'னு காட்டுதுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் மூணு பேர் தங்கள் நிறுவனத்துல ஓடின ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ஞ்சு 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. செயலிழந்த டிஸ்குகள்ல 56 சதவீதத்துக்கும் மேல, முக்கியமான நாலு ஸ்மார்ட் அளவீடுகள்ல எந்த அறிகுறியும் காட்டாமத்தான் போயிருக்கு. பாதிக்கு மேல சொல்லாமப் போகுது!

இடம் கூடக் கூட இழப்பும் கூடும்

1956-ல் ஐபிஎம் முதல் ஹார்டு டிஸ்க் டிரைவை வெளியிட்டது. 24 அங்குல அகலத்துல 50 தட்டு. ஒரு டன் கிட்ட எடை. மொத்தம் 50 லட்சம் எழுத்துகள் கொள்ளும். இன்னிக்கு நம்ம போன்ல எடுக்குற ஒரு போட்டோ அளவு. இப்போ உள்ளங்கையில அடங்குற ஒரு பெட்டியில பல டிபி வைக்கிறோம். நல்லதுதான். ஆனா முன்னாடி ஒரு சிடி கீறிப் போனா ஒரு சுற்றுலா போட்டோ போகும். இப்போ ஒரு டிஸ்க் போனா ஒரு குடும்பத்தோட இருபது வருஷம் போகுது. 2 டிபிக்குப் பதிலா 8 டிபி வாங்குறது, ஒரே இடத்துல இன்னும் அதிகமா வைக்கிறதுதான்.

டிபிஎம்எஸ் பேப்பர்ல 'ரெய்டு லெவல்களை விளக்குக'ன்னு 13 மார்க் கேள்வி வந்தது. ரெய்டு 0, 1, 5 எல்லாம் படம் போட்டு, பாரிட்டி பிளாக்குக்குக் கலர் பென்சில்ல நிழல் கூடக் கொடுத்து எழுதினேன். நல்ல மார்க். 1988-ல் பெர்க்லியில பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் எழுதின கட்டுரையில இருந்து வந்த விஷயம்னும் குறிப்பிட்டேன். ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகக்கூடாதுங்கிறதுதான் அந்தப் பாடத்தோட சாரம். அதை எழுதினப்போ, எங்க வீட்டு டேட்டா மொத்தமும் ஒரே டிஸ்க்ல இருந்தது. அது எனக்குத் தோணவே இல்ல. காலேஜை மட்டும் குறை சொல்ல மாட்டேன். படிச்சது வீட்டு மேஜைக்கு அடியில இருக்குற பெட்டிக்கும் பொருந்தும்னு யோசிக்காதது என் தப்பு. ஆனா நாலு வருஷ லேப்ல ஒரு தடவையாவது 'இந்த டிஸ்க் போயிடுச்சுன்னு வெச்சுக்கோ, உன் புராஜெக்ட்டை மீட்டுக் காட்டு'ன்னு ஒரு எக்ஸர்சைஸ் கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

சரி, வீட்டுல ரெய்டு 1 போட்டுடலாமான்னு சிலர் கேப்பீங்க. போடலாம், ஒரு டிஸ்க் போனா கம்ப்யூட்டர் நிக்காம ஓடும். ஆனா தம்பி தெரியாம ஒரு ஃபோல்டரை டெலிட் பண்ணினா, ரெண்டு டிஸ்க்லயும் அதே நொடியில போயிடும். ரான்சம்வேர் வந்தாலும் அதே கதை. ரெய்டு வேற, பேக்கப் வேற.

'கிளவுட் இருக்கே'ன்னு கேக்குறவங்களுக்கு: கூகுள் கணக்குக்கு இலவசம் 15 ஜிபிதான். போட்டோவை வரம்பில்லாம சேமிச்சுக்கலாம்னு இருந்த சலுகை 2021 ஜூன் 1-ஓட முடிஞ்சது. மாசா மாசம் காசு கட்ட முடிஞ்சா கிளவுட் நல்ல வழிதான், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா சின்க் ஆகுறதும் பிரதியும் ஒண்ணு இல்ல. போன்ல அழிச்சா அங்கயும் அழியும். கொஞ்ச நாள் டிராஷ்ல இருக்கும், அப்புறம் இல்ல.

வீட்டுல இருந்த ஒரு பிரதி

பெரிய கம்பெனிகளுக்கு இதெல்லாம் நடக்காதுன்னு நினைக்காதீங்க. 'டாய் ஸ்டோரி 2' படம் 1999-ல் வந்தது. அதுக்கு முந்தின வருஷம், பிக்ஸார்ல யாரோ தப்பா கொடுத்த ஒரு டெலிட் கமாண்டால படத்தோட ஃபைல்கள் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு. பேக்கப் இருக்கேன்னு போய்ப் பார்த்தா, அதுவும் சரியா வேலை செய்யாம இருந்திருக்கு. கடைசியில காப்பாத்தினது எது தெரியுமா? ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்! கேலின் சஸ்மன்ங்கிற டெக்னிக்கல் டைரக்டர், குழந்தை பிறந்ததால வீட்டுல இருந்து வேலை பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க வீட்டு மெஷின்ல ஒரு பிரதி இருந்தது. அதைப் பத்திரமா ஸ்டுடியோவுக்குக் கொண்டு போய் மீட்டாங்க.

எங்க வீட்டுலயும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. அக்கா கல்யாண போட்டோ சொந்தக்காரங்க வாட்ஸ்அப்ல இருந்து திரும்பி வந்தது, மங்கலா, சின்னதா. பழைய டிஸ்க்ல 'ஃபோட்டோரெக்' ஓட்டினதுல, கேம் மேல விழாத இடங்கள்ல இருந்து சில போட்டோ பேர் இல்லாம கிடைச்சது. குயிக் ஃபார்மட் மட்டும் அடிச்சிருந்தா, மேல வேற எதுவும் எழுதாத வரைக்கும் டேட்டா அங்கயே இருக்கும். நான் அந்த கேமை மட்டும் போடாம இருந்திருந்தா எல்லாமே வந்திருக்கலாம். ஆச்சி ஆடியோ வரல. ஆனா அதுல ஒரு துண்டை, 6 நிமிஷம், மாமா எப்பவோ கேட்டாருன்னு அனுப்பியிருந்தேன். அது அவர் போன்ல இருந்தது. உப்பு வாருறதுக்கு விடியக்காலையில எந்திரிச்சு நடந்து போனதைச் சொல்ற இடம். மிச்சம் 34 நிமிஷத்துல என்ன சொன்னாங்கன்னு அம்மாவும் நானும் உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்த்தோம். கொஞ்சம்தான் வந்தது.

அப்போ என்ன செய்யணும்?

முதல்ல டிஸ்க் வாங்காதீங்க, எண்ணுங்க. கம்ப்யூட்டர்ல இருக்குறதை ரெண்டாப் பிரிங்க: திரும்பக் கிடைக்குறது, கிடைக்காதது. சினிமா, கேம், மேட்லேப் செட்டப், ஐஎஸ்ஓ எல்லாம் திரும்பக் கிடைக்கும். போட்டோ, குரல், ஸ்கேன் பண்ணின பத்திரம், நீங்க எழுதின கோடு கிடைக்காது. எங்க வீட்டுல நிரம்பி வழிஞ்ச டிஸ்க்ல திரும்பக் கிடைக்காதது 60 ஜிபி கூட இல்ல. அந்த 60 ஜிபிக்கு மூணு பிரதி எடுத்திருந்தாலும் பழைய டிஸ்குகளே போதும்.

அதனால காசு இல்லாதவங்களுக்கும் இது நடக்கும். புது டிஸ்க் வாங்கினா, பழசைத் தூக்கிப் போடாதீங்க, கேம் போடாதீங்க. ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி அதுக்குள்ள பழசைப் போட்டா அதுவே பிரதி எடுக்குற டிஸ்க். 3.5 அங்குல டிஸ்கா இருந்தா தனியா பவர் அடாப்டர் இருக்குற கேஸ் வாங்கணும். அதுக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பி 5 வோல்ட்தான் கொடுக்கும்.

மாட்டுறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து மூணு விஷயம் பாருங்க. மதர்போர்டுல சாட்டா போர்ட் காலியா இருக்கா, எஸ்எம்பிஎஸ்ல இருந்து சாட்டா பவர் கேபிள் ஒண்ணு மிச்சம் இருக்கா, எம்.2 ஸ்லாட் இருந்தா அதுல எஸ்எஸ்டி போட்டதும் எந்த சாட்டா போர்ட் அணைஞ்சு போகுது. சில மதர்போர்டுல அப்படி ஆகும், மேனுவல்ல எழுதியிருக்கும். வேற எஸ்எம்பிஎஸ்ஸோட மாடுலர் கேபிளை மட்டும் எடுத்து மாட்டாதீங்க. பின் வரிசை மாறியிருந்தா டிஸ்க் கருகிடும். 2 டிபிக்கு மேல இருக்குற டிஸ்கை ஜிபிடியிலதான் இனிஷியலைஸ் பண்ணணும். பழைய எம்பிஆர் 512 பைட் செக்டர்களுக்கு 32 பிட் எண்தான் வெச்சிருக்கு, அதுக்கு மேல எண்ணத் தெரியாது.

மாத்தும்போது கட் பண்ணாதீங்க, காப்பி பண்ணுங்க. முடிஞ்சதும் புது டிஸ்க்ல இருந்து நாலஞ்சு ஃபைலைத் திறந்து பாருங்க. வீடியோவை நடுவுல ஓட்டிப் பாருங்க. முடிஞ்சா ரெண்டு பக்கமும் செக்சம் எடுத்து ஒப்பிடுங்க. பிக்ஸார்ல பேக்கப் 'இருந்தது', ஆனா யாரும் திறந்து பார்க்கல. பிரதி டிஸ்கை வேலை முடிஞ்சதும் கழட்டி பீரோவுல வைங்க. மாட்டியே இருந்தா வைரஸும் மின்னலும் ரெண்டையும் சேர்த்துத்தான் அடிக்கும்.

பீட்டர் க்ரோக்ங்கிற போட்டோகிராபர் பிரபலமாக்கின 3-2-1 விதி ஒண்ணு இருக்கு. மூணு பிரதி, ரெண்டு விதமான சாதனம், ஒண்ணு வேற இடத்துல. 'வேற இடம்'னதும் டேட்டா சென்டர் எல்லாம் வேண்டாம். நாங்க இப்போ ஒரு டிஸ்கை மாமா வீட்டுல வெச்சிருக்கோம். பொங்கலுக்குப் போகும்போது புதுப் பிரதியைக் கொடுத்துட்டு பழசை வாங்கிட்டு வந்துடுறோம். அவங்க வீட்டு டிஸ்க் எங்க பீரோவுல இருக்கு.

கடைசியா, ஃபைனல் இயர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம பேட்ச்ல எத்தனை பேரோட புராஜெக்ட் ரிப்போர்ட், கோடு, பிபிடி எல்லாம் ஒரே லேப்டாப்ல, மிஞ்சிப் போனா ஒரு பென் டிரைவ்ல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். தேர்டு ரிவ்யூவுக்கு முந்தின நாள் அது போச்சுன்னா கைடு கிட்ட என்ன சொல்வீங்க? கோடை கிட்ல புஷ் பண்ணுங்க. ரிப்போர்ட்டை டீம்ல இன்னொருத்தர் லேப்டாப்லயும் வைங்க. இன்னிக்கே.

இந்த லீவுல ஊருக்குப் போனதும் "இடம் இல்ல"ன்னு வீட்டுல சொன்னா, "எத்தனை டிபி வாங்கலாம்"னு கேக்குறதுக்கு முன்னாடி, "எதெல்லாம் போனா திரும்ப வராது"ன்னு அம்மா, அப்பாகிட்ட கேளுங்க. அவங்க சொல்ற பட்டியல் நீங்க நினைக்குறதை விடச் சின்னதா இருக்கும். அதை முதல்ல ரெண்டு இடத்துல வைங்க. அப்புறம் கேமுக்கு எவ்வளவு பெரிய டிஸ்க் வேணும்னாலும் வாங்கிக்கோங்க.